முதல் மணி அடிக்கும் முன்

"குத்துச்சண்டை போடுகிறாயே, அடி விழும் என்று பயமாக இல்லையா?"

நம் கல்லூரியில் என்னை அறிந்த நண்பர்கள் ஒருமுறையேனும் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வி இது. அடிக்கு நான் அவ்வளவாகப் பயந்ததில்லை. அடி விழும்போது அதைப் பற்றி நினைக்க நேரம் இருப்பதில்லை. என்னைப் பாடாய்ப்படுத்தியது அடிக்கு முந்திய அரை மணி நேரம்தான். பெயர் கூப்பிடுவதற்காக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில், ஒரு போட்டியை நான் முழுமையாகத் தோற்றிருக்கிறேன். அத்தோல்வியில் கற்றதையும், பின்னர் படித்தும் கேட்டும் அறிந்ததையும் சக மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாற்பது விநாடி

நான் இரண்டாமாண்டு படித்தபோது கல்லூரிகளுக்கிடையேயான போட்டி வந்தது. 60 கிலோ எடைப்பிரிவில் நம் கல்லூரிக்கு ஓரிடம்தான். அந்த இடத்திற்கு நானும், வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவைச் சேர்ந்த முதலாமாண்டுத் தம்பி ஒருவனும் மோதினோம். மயிரிழையில் நான் தேர்வானேன். அவன் சிரித்துக்கொண்டே என் கையைக் குலுக்கி, "அண்ணா, எனக்கும் சேர்த்து ஆடிட்டு வாங்க" என்றான்.

போட்டி நடந்த ஊரில் காலையில் எடை பார்த்தார்கள். சீட்டுக் குலுக்கலில் எனக்கு வந்தவர் மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். அதைக் கேட்ட நொடியிலிருந்து என் காதுகள் எல்லாச் செய்திகளையும் பொறுக்க ஆரம்பித்தன. "போன வருஷம் ஒருத்தன் மூக்கு போச்சு" என்றார் ஒருவர். "வலக்கை இறங்கினா எழுந்திருக்க முடியாது" என்றார் மற்றொருவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கைகள் சில்லிட்டன. நாக்கு வறண்டது. மூன்று முறை சிறுநீர் கழிக்கப் போனேன். கண்ணை மூடினால் அந்த வலக்கை வந்தது. கண்ணைத் திறந்தாலும் வந்தது.

மேடையில் ஏறினேன். மணி அடித்தது. என் இடக்கை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. ஒரு குத்தும் விடாமல் கயிற்றில் சாய்ந்து நின்றேன். நடுவர் இடையில் புகுந்து போட்டியை நிறுத்தினார். நாற்பது விநாடிகூட இருக்காது. பெரிய காயம் ஏதுமில்லை. இரவுப் பேருந்தில் திரும்பி வந்து வேங்கிக்காலில் இறங்கியபோது, அந்தத் தம்பியின் தெருவைத் தவிர்த்து, ஏரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எதிராளியிடம் தோற்றது எனக்கு வலிக்கவில்லை. ஒருவனுக்குக் கிடைக்கவேண்டிய இடத்தை வாங்கிக்கொண்டு போய், அதை விளையாடாமலேயே கொடுத்துவிட்டு வந்தேனே, அதுதான் வலித்தது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

விலங்கியல் மாணவனாகிய எனக்கு, அன்று என் உடம்பில் நடந்தது என்ன என்று பாடப்புத்தகமே சொல்லிவிட்டது. நம் சிறுநீரகங்கள் இரண்டின் மீதும் தொப்பி போல ஒவ்வொரு சிறு சுரப்பி அமர்ந்திருக்கிறது. ஆபத்து என்று மூளை உணர்ந்தவுடன் அட்ரீனல் என்னும் அச்சுரப்பி அட்ரீனலினை இரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு விரைகிறது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே அனுப்புகிறது. வயிற்றுக்கும் தோலுக்கும் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. கை சில்லிடுவதும், வயிற்றைப் பிசைவதும், வாய் உலர்வதும் இதனால்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார். போரிடுவதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்பது அவர் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சண்டைக்கும் ஓட்டத்துக்கும் உடல் செய்யும் ஆயத்தம் ஏறக்குறைய ஒன்றே. பெஞ்சில் என் இதயம் அடித்துக்கொண்டது என்னைத் தோற்கடிப்பதற்காக அன்று, எனக்கு உதவுவதற்காக! வந்த உதவியாளை எதிரி என்று நினைத்து அவனோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிக் களைத்துப்போனேன். உண்மையான எதிராளி வந்தபோது என்னிடம் ஒன்றும் மீதியில்லை.

அப்படியானால் பதற்றம் எவ்வளவு இருந்தாலும் நல்லதா? அப்படியும் இல்லை. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தனர். எளிய வேலையை எலிகள் கற்பதற்குத் தூண்டுதல் பலமாக இருப்பது உதவியது. வேலை கடினமானபோது, மிதமான தூண்டுதலே உதவியது. அதற்கு மேல் போனபோது கற்றல் கெட்டது. மூட்டை தூக்குபவருக்கு எவ்வளவு வேகம் வந்தாலும் தாங்கும். ஊசியில் நூல் கோப்பவருக்கு அவ்வளவு வேகம் ஆகாது. குத்துச்சண்டை, பார்ப்பவர் கண்ணுக்கு மூட்டை தூக்குவது போலத் தெரியும். உண்மையில் அது ஊசியில் நூல் கோக்கும் வேலையே. எனவே பதற்றத்தை அழிக்கவும் கூடாது, அவிழ்த்துவிடவும் கூடாது, அளவில் நிறுத்தவேண்டும்.

பெரியவர்களும் நடுங்கினார்கள்

பயம் நம்மைப் போன்ற புதியவர்களுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். உலகக் குத்துச்சண்டை வரலாற்றைப் படித்தபோது அந்த எண்ணம் மாறிற்று. சன்னி லிஸ்டன் என்ற ஒரே எதிராளியின் முன் நின்ற இருவரை மட்டும் இங்கே ஒப்பிட்டுக் காண்போம்.

முதலாமவர் ஃபிலாய்ட் பேட்டர்சன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1956-இல் தம் 21-ஆம் வயதில் உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்றவர். பட்டத்தை இழந்து, 1960-இல் அதை மீண்டும் வென்றவர். அப்பிரிவில் அவ்வாறு மீட்ட முதல் வீரர் அவரே. இத்தகைய வீரர் 1962 செப்டம்பர் 25-ஆம் நாள் சிகாகோவில் லிஸ்டனைச் சந்திக்கச் சென்றபோது, தம்மோடு பொய்த்தாடியும் பொய்மீசையும் எடுத்துச் சென்றார். தோற்றுவிட்டால் யாரும் அடையாளம் காணாமல் அரங்கை விட்டு வெளியேறுவதற்காக! முதல் சுற்றிலேயே, 2 நிமிடம் 6 விநாடியில் அவர் வீழ்த்தப்பட்டார். மாறுவேடத்தில்தான் வெளியேறினார். இதைப் பிற்காலத்தில் அவரே மறைக்காமல் சொன்னார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏரிப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போனவன் எப்படிச் சொல்வது? ஆனால் ஒன்று தெளிவாகிறது. அவருடைய மனத்தின் ஒரு பகுதி, சண்டைக்கு முன்பே சண்டைக்குப் பிந்திய வேலையில் இறங்கிவிட்டது.

இரண்டாமவர் காசியஸ் கிளே என்ற 22 வயது இளைஞர். பிற்காலத்து முகமது அலி இவரே. 1980-இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதால் நம் மாநிலத்துப் பெரியவர்கள் பலர் அவரை நேரில் கண்டிருக்கின்றனர். 1964 பிப்ரவரி 25-ஆம் நாள் மயாமி பீச்சில் அவர் லிஸ்டனை எதிர்கொண்டார். பந்தயக்காரர்கள் லிஸ்டனுக்கே ஏழுக்கு ஒன்று என்று கட்டினார்கள். காலையில் எடை பார்க்கும்போது கிளே கூச்சலிட்டார், குதித்தார். மருத்துவர் நாடி பார்த்தார்: நிமிடத்துக்கு 120. அவருடைய இயல்பான நாடி 54. பையன் பயத்தில் நிலைதடுமாறிவிட்டான் என்றே பலரும் எழுதினர். ஆனால் சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது நாடி இயல்புக்குத் திரும்பியிருந்தது. அன்று இரவு ஆறு சுற்றுகள் நடந்தன. ஏழாவது சுற்றுக்கு லிஸ்டன் முக்காலியை விட்டு எழவில்லை.

அந்தக் கூச்சலில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நடுக்கம் என்று நாம் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. ஒருவர் தம் நடுக்கத்தை உள்ளே பூட்டி, வெளியேறும் வழியைத் தேடினார். மற்றவர் தம் நடுக்கத்தை வெளியே கொட்டி, பின் அடங்கி, வேலைக்குப் போனார். இருவருக்கும் பயம் உண்டு. பயத்தை எந்தத் திசையில் திருப்பினார்கள் என்பதே வேறுபாடு.

நம் நாட்டில்

நம் தமிழகத்துக்கும் இக்கலை புதிதன்று. வடசென்னையில் 'ரோசமான குத்துச்சண்டை' என்ற பெயரில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனப் பல பரம்பரைகள் மோதிய வரலாறு உண்டு. 2021-இல் வந்த திரைப்படத்தால் அதை இன்று பலரும் அறிவர். அங்கே மேடையேறியவர் தமக்காக மட்டும் ஆடவில்லை. பரம்பரையின் மானம் முழுவதும் அவர் தோளில் இருந்தது. பயத்துக்கு மேல் பயம்! அந்தச் சென்னை மண்ணிலிருந்து வந்த வி. தேவராஜன் 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடினார். 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார்.

தோற்ற எதிராளியையே மறுபடி சந்திப்பது எப்படி என்பதற்கு, அசாம் மாநிலத்தின் லவ்லினா போர்கோஹெயின் நல்ல சான்று. கோலாகாட் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். 2018-இல் புதுதில்லியில் நடந்த உலகப் போட்டியின் அரையிறுதியில் தைவான் வீராங்கனை சென் நியென்-சின்னிடம் தோற்றார். சென் அவ்வாண்டு உலகப் பட்டமும் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் காலிறுதியில், பதக்கம் கிடைக்குமா கிடைக்காதா என்ற நிலையில், லவ்லினாவின் எதிரே வந்து நின்றவர் அதே சென்! ஜூலை 30-ஆம் நாள் நடந்த அப்போட்டியில் லவ்லினா 4-1 என்று வென்றார். வெண்கலப் பதக்கத்தோடு நாடு திரும்பினார். எதிராளி அதே ஆள்தான் என்றாலும், நாம் அதே ஆளாக இருக்கவேண்டியதில்லை என்பதை அச்செய்தி எனக்குக் கற்றுத்தந்தது.

அம்மா சொன்ன வழி

நான் சொல்லப்போகும் முறைகளில் தலையாயதை எனக்குத் தந்தவர் பயிற்சியாளர் அல்லர், என் தாயார். தோற்று வந்த சில நாட்களில் பௌர்ணமி வந்தது. அம்மாவோடு கிரிவலம் சென்றேன். 14 கிலோமீட்டர். முழங்கால் வலி உள்ளவர் எப்படி நடக்கிறார் என்று வியந்து கேட்டேன்.

"மலையைச் சுத்தணும்னு நெனைச்சா அக்னி லிங்கத்துலயே உக்காந்துடுவேன் கண்ணு. அடுத்த லிங்கம் வரைக்கும் போவணும்னுதான் நெனைப்பேன். அங்க போனப்புறம் அதுக்கு அடுத்தது" என்றார்.

இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு. வேங்கிக்காலில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த எட்டும் சிறு வயது முதலே தெரியும். அவற்றின் பயன் அன்றுதான் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நான் மலை முழுவதையும் ஒரே நேரத்தில் சுற்ற முயன்றிருந்தேன்!

நம் போட்டி மூன்று சுற்று. சுற்றுக்கு மூன்று நிமிடம். ஆக ஒன்பது நிமிடம். அதை ஒன்பது துண்டாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு வேலை. முதல் நிமிடத்துக்கு: "இடக்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டு, வலப்புறமாகவே சுற்று." அவருடைய பலமான வலக்கையிலிருந்து விலகுவதற்கு அதுவே வழி. வெல்வேனா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இடக்கையை நீட்டுவேனா என்ற கேள்விக்கு விடை என் கையில் இருந்தது.

காத்திருத்தலையும் பயிற்சி செய்தோம்

ஒரு நாள் மாலை வெட்கத்தை விட்டு அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "சண்டைக்குப் பழகினோம் அண்ணா, உக்காந்திருக்கப் பழகலையே" என்றான். அவன் சொன்னது எவ்வளவு உண்மை! அன்று முதல் பயிற்சியில் புதிய பாடம் ஒன்று சேர்ந்தது. கையில் துணி சுற்றி, கையுறை மாட்டி, ஒரு பெஞ்சில் நான் உட்காரவேண்டும். எப்போது என்று சொல்லாமல், ஐந்து நிமிடத்திலோ நாற்பது நிமிடத்திலோ அவன் என் பெயரை உரக்கக் கூப்பிடுவான். உடனே எழுந்து ஆடவேண்டும். சுற்றி நின்று கூச்சல் போட நண்பர்களையும் அழைத்துக்கொண்டோம். அந்த ஓராண்டில் நாங்கள் கைக்கொண்டவற்றைக் கீழே தருகிறேன்.

முதலாவது, மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. விடும்போது சற்றுத் தணிகிறது. எனவே நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும் வரை மெதுவாக விடவேண்டும். ஐந்து நிமிடம் செய்தால் போதும். இதைப் போட்டியன்று முதன்முதலாகச் செய்தால் பயனில்லை. ஏரிக்கரையில் தினமும் ஓடி முடித்ததும் செய்து பழகினேன்.

இரண்டாவது, முந்திய இரவு. தூக்கம் வராவிட்டால் தூக்கம் வரவில்லையே என்று கவலைப்படக் கூடாது. ஓரிரவுத் தூக்கம் குறைந்ததால் மாதக்கணக்கில் சேர்த்த வலிமை ஓடிவிடாது. அதற்கு முந்திய இரவுகளில் நன்றாகத் தூங்கிவைத்துக்கொள்ளவேண்டும். உடைகள், பல் கவசம், அடையாள அட்டை ஆகியவற்றை மாலையிலேயே எடுத்துப் பையில் வைத்துவிடவேண்டும். விடியற்காலையில் பல் கவசத்தைத் தேடுகிறவன் பாதிச் சக்தியை அங்கேயே இழக்கிறான்.

மூன்றாவது, உணவு. பயத்தில் வயிறு சரியாக வேலை செய்யாது. ஆகவே எடை பார்த்த பின் இட்லி, வாழைப்பழம் போன்ற எளிய உணவைப் போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்பாகவே முடித்துக்கொள்ளவேண்டும். எடை குறைப்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவது பெருந்தவறு. உலர்ந்த உடலில் இதயம் தானாகவே படபடக்கும். அதையும் பயம் என்று மனம் எண்ணிக்கொள்ளும்.

நான்காவது, மன ஒத்திகை. கண்ணை மூடி, கயிற்றைத் தாண்டி உள்ளே நுழைவது முதல் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடவேண்டும். வெற்றியை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு நல்ல குத்து நம் முகத்தில் விழுவதையும், அதன்பின் நாம் கையைத் தூக்கிக்கொண்டு வலப்புறம் நகர்வதையும் பார்க்கவேண்டும். முதல் அடி விழும்போது அது பழைய செய்தியாக இருக்கவேண்டும்.

ஐந்தாவது, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல். "பயப்படாதே, அமைதியாக இரு" என்று சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. 2014-இல் ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது காரணம் விளங்கிற்று. பாடவும், மேடையில் பேசவும், கணக்குப் போடவும் இருந்தவர்களில், தம் படபடப்பை 'ஆர்வம்' என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியடைய முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தனர். ஓடும் குதிரையை நிறுத்துவது கடினம்; திருப்புவது எளிது. "பயமாக இருக்கிறது" என்பதை "உடம்பு தயாராகிறது" என்று மாற்றிக்கொண்டேன். இது பொய்யும் அன்று; கேனன் சொன்ன உண்மையே அது.

ஆறாவது, காதுக்குக் காவல். எதிராளியைப் பற்றிய செய்திகளில் வேலைக்கு உதவுவதை மட்டும் வாங்கவேண்டும். "வலக்கை பலம்" என்பது செய்தி. அதற்கு மாற்று உண்டு. "ஒருத்தன் மூக்கு போச்சு" என்பது கதை. அதற்கு மாற்று இல்லை. கதை தொடங்கியதும் எழுந்து போய் நிழல் குத்துப் பயிற்சி செய்து இலேசாக வியர்வை வரவழைப்பது நல்லது. அசையும் உடம்பில் பயத்துக்கு உட்கார இடமில்லை.

கேட்கவேண்டிய பயமும் உண்டு

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாகவேண்டும். எல்லாப் பயமும் வெல்லவேண்டிய பயம் அன்று. சில சமயம் பயம் உண்மை பேசுகிறது. தலையில் அடிபட்ட பின் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், குழப்பம் இவற்றில் ஏதேனும் இருந்தும், "பயந்தவன் என்று சொல்வார்களே" என்று மறைத்து மேடையேறுவது வீரம் ஆகாது. மருத்துவர் அனுமதிக்கும் வரை கையுறையைத் தொடக்கூடாது. மூன்று மாதம் பயிற்சியே செய்யாதவனுக்கு வரும் பயமும் நியாயமான பயமே. அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தன்று, பயிற்சிதான் மருந்து. வள்ளுவப் பெருந்தகை படைச்செருக்குக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர். வலியறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

வேறுபாடு காண எளிய வழி இது: உண்மை பேசும் பயம் ஒரு செயலைச் சொல்லும். "மருத்துவரைப் பார்", "இன்னும் பழகு" என்னும். கதை பேசும் பயம் செயல் எதுவும் சொல்லாது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும்.

மீண்டும் அதே பெஞ்சு

இவ்வாண்டும் போட்டி வந்தது. அந்தத் தம்பி இதற்குள் 63 கிலோவுக்கு ஏறிவிட்டதால் இருவருமே தேர்வானோம். சீட்டுக் குலுக்கினார்கள். காலிறுதியில் எனக்கு வந்தவர், சென்ற ஆண்டு என்னை நிறுத்திய அதே வீரர்!

பொய் சொல்ல மாட்டேன், வயிறு பிசைந்தது. கை சில்லிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து நாடியைப் பிடித்து எண்ணினேன்: 112. என் இயல்பு 66. முகமது அலிக்கு 120 என்று நினைவு வந்தது, சிரிப்பும் வந்தது. மூச்சை எண்ணினேன். எழுந்து நிழல் குத்து செய்தேன். அப்போது பக்கத்தில் ஒரு குரல், "மாஸ்டர், நமக்கு செவப்பு மூலையா, நீலமா?" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் எதிராளி! அவருடைய பயிற்சியாளர் பொறுமையாக, "நீலம்ப்பா, மூணு தரம் சொல்லிட்டேன்" என்றார். ஓராண்டாக என் கனவில் வந்த அந்த வலக்கையைப் பார்த்தேன். அது கட்டுத் துணியின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவர் மீது எனக்கு இரக்கமோ இளக்காரமோ தோன்றவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே மருந்து ஊசி போடப்பட்டிருக்கிறது என்றே தோன்றியது.

பெயர் கூப்பிட்டார்கள். மூலையில் தண்ணீர்ப் பாட்டிலோடு தம்பி நின்றான். "அண்ணா, மொதல் நிமிஷம் மட்டும்" என்றான். மணி அடித்தது. இடக்கை நீண்டது! நேராகப் போய்ப் பட்டது. அதன்பின் நான் பார்த்தது ஓர் ஆளைத்தான், படத்தை அன்று. இரண்டாம் சுற்றில் அந்த வலக்கை ஒரு முறை முழுமையாக என் மீது இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. பலமுறை ஒத்திகை பார்த்த செய்தி என்பதால் கையைத் தூக்கிக்கொண்டு வலப்புறம் நகர்ந்தேன். ஒன்பது நிமிடமும் ஆடினேன்.

நடுவர் அவருடைய கையைத்தான் உயர்த்தினார். ஐந்து தீர்ப்பாளர்களில் மூவர் அவர் பக்கம். இருவர் என் பக்கம். தோல்விதான். ஆனால் இம்முறை அவர் என்னை வெல்லவேண்டியிருந்தது. சென்ற ஆண்டு அந்தச் சிரமம்கூட அவருக்கு நான் வைக்கவில்லை. கயிற்றைத் தாண்டி இறங்கியதும் கையுறைகளைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தேன். அடுத்துப் பெயர் கூப்பிட இருந்தது அவனைத்தான். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு மூச்சை எண்ணினேன்.

அன்றிரவு வேங்கிக்கால் நிறுத்தத்தில் இறங்கி, நேர் வழியில், அவன் தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தேன்.

முடிவுரை

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் குத்துச்சண்டை மேடையில் ஏறப்போவதில்லை. ஆனால் தேர்வுக்கூட வாசல், வாய்மொழித் தேர்வு, வேலைக்கான நேர்காணல், முதன்முதலாக ஒலிபெருக்கி முன் நிற்பது என ஒவ்வொருவருக்கும் ஒரு பெஞ்சு உண்டு. ஓர் அரை மணி நேரம் உண்டு. அந்த நேரத்தில் இதயம் அடித்துக்கொண்டால், உங்களிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணாதீர்கள். உடம்பு உங்களுக்காக வேலைக்கு வந்திருக்கிறது. அதற்கு ஒரு சிறு வேலையைக் கொடுங்கள். முதல் கேள்விக்கு முதல் வரி. முதல் நிமிடத்துக்கு இடக்கை. அடுத்த லிங்கம் வரை நடை. அச்சமில்லாதவன் வருவான் என்று காத்திருக்கவேண்டாம். அச்சத்தோடு எழுந்து போகிறவனுக்கும் மணி அடிக்கத்தான் செய்யும்.

— இளங்கலை விலங்கியல், மூன்றாமாண்டு மாணவன்,
வேங்கிக்கால்.